போர்டில் முதல் பேர்

ஜூன் 3, திங்கள்

இன்று பயிற்சியில் சேர்ந்தேன். டயாலிசிஸ் பிரிவு. எட்டுக் கட்டில், எட்டு மெஷின். என்னில் பாதி வயசுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து டிப்ளமோ படித்ததன் பலனாக, காலையிலிருந்து மாலை வரை குழாய் கழுவினேன். கசப்பில்லை. ஆறு மாதம் இப்படிக் கழுவிப் பழகி, கடைசியில் இவர்களே வேலைக்கு எடுத்துக்கொண்டால்தான் உண்டு. நாற்பத்தொரு வயசுக்காரியை வேறு யாரும் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடப் போவதில்லை.

பள்ளிக்கூடத்தை நினைத்து ஏக்கமாக இருக்கிறதா என்று வீட்டுக்காரர் கேட்டார். பதினேழு வருஷம் அறிவியல் நடத்திய மெட்ரிக் பள்ளியில், கடைசிக் காலத்தில் மே மாத வெயிலில் நோட்டீஸ் கட்டோடு வீடு வீடாக அனுப்பினார்கள், பிள்ளை பிடிக்க. ஒரு வீட்டில் என்னைப் பார்த்துக்கொண்டே நாயை அவிழ்த்துவிட்டார்கள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மெஷினுக்கு அப்பா அம்மா கிடையாது. பேரண்ட்ஸ் மீட்டிங் கிடையாது. சொன்னபடி கேட்கும்.

ஜூன் 5, புதன்

இங்கே எல்லாமே எடையில்தான் இருக்கிறது. சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை, உடம்பிலேயே தங்கும். தண்ணீர் தேங்காமல் இருந்தால் இவர் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் டாக்டர் ஓர் எடை குறித்திருக்கிறார். வந்ததும் எடை மெஷினில் ஏற்றி நிறுத்துவோம். கூடுதலாக எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவு தண்ணீரை எடுத்துவிட்டு அனுப்புவோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இதே கதை. சனி, ஞாயிறு இரண்டு நாள் இடைவெளி என்பதால் திங்கட்கிழமை எல்லோரும் ஊதிப்போய் வருவார்கள்.

எனக்குச் சொல்லித் தருவது ஜெபராணி. கோவில்பட்டிப் பக்கம். என்னைவிடப் பன்னிரண்டு வயசு சின்னவள், எனக்கு மேலதிகாரி. "அக்கா, ஊசி குத்தும்போது மூச்சைப் புடிக்காதீங்க, அவங்களும் சேர்ந்து புடிப்பாங்க" என்றாள். பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

ஜூன் 8, சனி

மாவு ஆட்டினேன். யூனிஃபார்ம் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை, நாடா கோத்தேன். கேஸ் தீர்ந்துவிட்டது.

ஜூன் 17, திங்கள்

வகுப்பே பரவாயில்லை. அங்கே பத்துப் பேராவது வீட்டுப்பாடம் எழுதி வருவார்கள். இங்கே ஒருவர் பாக்கியில்லாமல் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து, "தெரியலீங்க, நாக்கை நனைச்சதோட சரி" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். நாக்கை நனைத்து மூன்று கிலோவா?

இன்று சிக்கியவர் சென்னியப்பன். கவுந்தப்பாடிக்காரர், ஐம்பத்து நான்கு வயசு. மஞ்சள் மண்டியில் மூட்டை எடை போடும் வேலையில் இருந்தவர். கூடவே மனைவி ருக்குமணி வருவாள், கையில் ஒயர் கூடையோடு. நான்கு கிலோ ஏறி வந்திருந்தார்.

"ஏனுங்க, ஊரு உலகத்துக்கே எடை போட்ட ஆளு நீங்க. உங்க எடை உங்களுக்குத் தெரியாதா? ஒரு குடம் தண்ணியை வயித்துல கட்டிக்கிட்டு வந்திருக்கீங்க" என்றேன். வார்டே சிரித்தது. அவர் மெஷினிலிருந்து இறங்கித் தலையைக் குனிந்தபடி கட்டிலுக்குப் போனார். ருக்குமணி சிரிக்கவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திட்டினால்தான் திருந்துவார்கள். பதினேழு வருஷத்தில் இது ஒன்றுதான் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம்.

ஜூன் 24, திங்கள்

நர்ஸ் மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளை போர்டு சும்மா கிடந்தது. துடைத்து, கோடு போட்டு, எட்டுப் பேர் பெயரையும் எழுதினேன். குறைவாக எடை ஏறியவர் மேலே, அதிகம் ஏறியவர் கீழே. இரண்டு கிலோவுக்குள் இருந்தால் பச்சையில் 'நன்று'. தாண்டினால் சிவப்பு. ஒவ்வொரு முறையும் மாற்றி எழுதப் போகிறேன்.

ஜெபராணி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "ரேங்க் கார்டு போட்டுட்டீங்களா?" என்றாள். பிறகு, "போடுங்க, தொண்டைத் தண்ணி எனக்கு மிச்சம்" என்று போய்விட்டாள்.

எல்லோரும் என்னை டீச்சர் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். ரொம்பவும் சொல்லவில்லை.

ஜூலை 5, வெள்ளி

எட்டில் ஐந்து பச்சை.

ஜூலை 8, திங்கள்

திங்கட்கிழமை. ஆனாலும் ஆறு பச்சை! டாக்டர் போர்டு முன்னால் நின்று மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். "நான் நாலு வருஷமா தொண்டை கிழியச் சொல்லிக் கேக்காத ஆளுங்க. என்ன மந்திரம் போட்டீங்க, கலாமணி?" என்றார். பயிற்சி முடிந்ததும் என்னை விடக் கூடாது என்று ஜெபராணியிடம் என் காதுபடச் சொன்னார்.

சென்னியப்பன் முதல் பெயர். ஒன்றே கால் கிலோதான் ஏறியிருந்தார். படுத்திருந்தவர் எக்கி எக்கி போர்டைப் பார்த்தார். "நாலாப்போட படிப்ப நிறுத்துனவனுங்க நானு. பள்ளிக்கொடத்துப் போர்டுல என்ற பேரை எழுதுனாங்கன்னா அது வகுப்புல பேசுனதுக்குத்தானுங்க" என்றார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது இன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. சந்தோஷமாக இருக்கிறது. எழுதி வைக்கிறேன்.

ஜூலை 15, திங்கள்

சென்னியப்பனுக்கு பிரஷர் கூடிக்கொண்டே போகிறது. டாக்டர் இன்னொரு மாத்திரை சேர்த்தார். எடை நன்று. முதல் பெயர்.

இன்று முதன்முதலாக என் கை நடுங்காமல் இரண்டு ஊசியும் சரியாக இறங்கின. அவருடைய கையில்தான். "டீச்சரம்மா கையி பூ மாதிரிங்க" என்றார். பொய்தான். ஆனால் மனசு நிறைந்துபோனது.

ஜூலை 19, வெள்ளி

ருக்குமணி ஓரமாக வந்து நின்று கேட்டாள். "ரெண்டு மூணு நாளா அவரு உக்காந்துட்டேதான் தூங்கறாருங்க. படுத்தா நெஞ்சு அடைக்குதுங்கறாரு."

புழுக்கமாக இருக்கும், ஜன்னல் பக்கம் கட்டிலைப் போடுங்கள் என்றேன். டாக்டரிடமும் சொல்லச் சொன்னேன். டாக்டர் அதற்குள் கிளம்பியிருந்தார். போர்டைக் காட்டி, "தண்ணி விஷயத்துல இவருதான் ஃபர்ஸ்ட்டு. பயப்படாதீங்க" என்று அனுப்பினேன்.

கூடையில் நான்கு கொய்யா கொண்டுவந்திருந்தாள், எனக்கு. சிறுநீரகக்காரர்களுக்குப் பழம் ஆகாது என்பதால் அவர் கண்ணில் படாமல் கொடுத்தாள்.

ஜூலை 24, புதன்

சாயந்திரம் ரேஷன் கடையில் வரிசை. பருப்பு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஜூலை 26, வெள்ளி

சென்னியப்பன் வெறுங்காலோடு வந்தார். செருப்பு சின்னதாகிவிட்டதாம். "இந்த வயசுல கால் வளருதா உங்களுக்கு?" என்று கிண்டல் செய்தேன். வழக்கம்போல் சுவரோரம் இருக்கும் எடை மெஷினில் ஏறினார். ஒன்றே முக்கால் கிலோ. பச்சை.

ஜூலை 29, திங்கள்

சென்னியப்பனின் கட்டில் காலி.

ஞாயிறு விடிகாலையில் மூச்சுத் திணறி, ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டாராம். அதே ஊர்க்காரியான வேலாத்தாள் வந்து சொன்னாள். அவளும் நம் பேஷண்ட்தான், நான்காவது கட்டில்.

ஜூலை 31, புதன்

டாக்டர் சொன்னார்: டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இதயம் நிற்பது புதிதல்ல. வருஷத்துக்கு ஒருவராவது போவார்கள். மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நான் குழப்பிக்கொள்ளவில்லை. மெஷின் சரியாக ஓடியது. எடை சரி. எடுத்த தண்ணீர் சரி. கடைசி மூன்று வாரக் குறிப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டேன், எல்லாம் சரி.

போர்டில் அவர் பெயரை அழித்தேன். இரண்டாவதாக இருந்த பெயர் முதலாவது ஆயிற்று. அந்த ஆள் போர்டைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

எடை மெஷின் இருக்கும் இடத்தில், சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பதித்திருக்கிறது. நடக்க முடியாதவர்கள் பிடித்துக்கொள்ள. வேலாத்தாள் மெஷினில் நின்றாள். சேலைத் தலைப்புக்குக் கீழே இடது கை அந்தக் கம்பியில் ஊன்றியிருந்தது.

"கையை எடுங்க" என்றேன்.

எடுத்தாள். எண் ஒன்றரை கிலோ ஏறியது.

வேறொன்றும் நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். "எல்லாருந்தானுங்க டீச்சர் புடிக்கறோம். நீங்க அத்தனை பேரு முன்னாடி வைவீங்கள்ள."

ஆகஸ்ட் 3, சனி

இன்று எனக்கு டியூட்டி இல்லை. ஆனாலும் போனேன், டிபன் பாக்ஸை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு. யாரும் இல்லாதபோது மெஷினில் ஏறிக் கம்பியில் கையை ஊன்றிப் பார்த்தேன். லேசாக ஊன்றினால் ஒரு கிலோ. கொஞ்சம் அழுத்தினால் மூன்று. தினமும் அதே அளவு ஊன்றப் பழகிய கையாக இருந்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எடை போட்டே பழகிய கை வேறு.

எடை குறைவாகக் காட்டினால் நாங்கள் குறைவாகத்தான் தண்ணீர் எடுப்போம். மிச்சம் உள்ளேயே தங்கும். அடுத்த முறை அதற்கு மேல் ஏறும். பிரஷர் கூடும். படுத்தால் மூச்சு அடைக்கும். கால் வீங்கும்.

டிபன் பாக்ஸ் வீட்டில்தான் இருந்தது.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஒவ்வொருவராக நிறுத்தி, "கையை எடுங்க" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. எட்டாவது கட்டிலுக்குப் புது ஆள் வந்திருக்கிறார். ஏழு சிவப்பு, ஒரு பச்சை. ஜெபராணி போர்டைப் பார்த்தாள், பிறகு கம்பியைப் பார்த்தாள்.

"சென்னியப்பனுக்குப் பிரஷர் ஏறுனது நமக்குத் தெரியும்லக்கா. ஒருவாட்டி அவர் காலை அமுக்கி, குழி விழுதான்னு பாத்திருக்கணும். நானும் பாக்கல, போர்டைத்தான் பாத்தேன்" என்றாள்.

அவள் 'நானும்' என்று சேர்த்துக்கொண்டது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதையும் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ருக்குமணி வந்தாள். இறப்புச் சான்றுக்கு ஆஸ்பத்திரியில் ஏதோ கையெழுத்து வேண்டுமாம். வேலை முடிந்தும் போகாமல் எங்கள் பிரிவு வாசலில் நின்றாள். நெற்றி வெறுமையாக இருந்தது. உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை.

"உங்களைப் பத்தித்தானுங்க ஊட்டுல எந்நேரமும் பேச்சு. பஸ்ஸ விட்டு எறங்குனதும் வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லுவாரு, இன்னைக்கும் நான்தான் ஃபர்ஸ்ட்டுன்னு."

நான் தலையாட்டினேன்.

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். அன்னைக்கு நீங்க கொடம்னு சொல்லிச் சிரிச்சீங்கள்ள. எனக்குத் தாங்கலீங்க. மண்டியில அந்த மனுசன் பேருக்கு அத்தனை மருவாதி. நான்தானுங்க சொன்னேன், கம்பிய இத்துணூண்டு புடிச்சுக்குங்கன்னு. முடியாதுன்னுதான் சொன்னாரு. எடையில கை வெக்கிறவன் நானில்லைன்னு ரெண்டு நாளு என்றகூடப் பேசுலீங்க. அழுதுதான் ஒத்துக்க வெச்சேன்."

கூடையின் பிடியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள்.

"அதனால ஒண்ணும் ஆயிருக்காதுங்கள்ள?"

ஒரு டீச்சரிடம் கேட்பதுபோல்தான் கேட்டாள். நான் சொல்வதுதான் விடை என்பதுபோல.

"அதனால ஒண்ணுமில்லைங்க. கம்பியப் புடிச்சா என்ன ஆகப்போகுது? இது ஹார்ட்டு. டாக்டரே சொன்னாரு" என்றேன்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவளுக்காகத்தான் சொன்னேன். புருஷனைப் பறிகொடுத்தவள் தலையில் இதையும் ஏற்றி வைப்பார்களா? யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஆகஸ்ட் 10, சனி

வீட்டுக்காரர் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். ஒன்றில் தீய்ந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

வேலாத்தாள் வரும்போதே அவளால் நான்கு எட்டு சேர்ந்தாற்போல் நடக்க முடியவில்லை. மெஷினில் ஏறியதும், இந்த முறை மறைக்காமல், எல்லோரும் பார்க்கக் கம்பியை அழுத்திப் பிடித்தாள்.

"கையை எடுங்க."

"அட இருக்கட்டும் டீச்சர். கம்பியப் புடிச்சா ஒண்ணுமாகாதுன்னு நீங்கதான சொன்னீங்களாம். வெள்ளிக்கெழமை பஸ்ஸுல ருக்குமணி சொல்லிச்சு. நான் எல்லாருத்துக்கும் போன் போட்டுச் சொல்லிப்போட்டனுங்க."

பின்னால் நின்ற இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்களுடைய கால்களைப் பார்த்தேன். குனிந்து வேலாத்தாளின் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற பிள்ளைகளுக்குத்தான் பதினேழு வருஷம் ஆசைப்பட்டேன். இங்கே எட்டுப் பேர் கிடைத்திருக்கிறார்கள்.

வார்டின் நடுவில் போய் நின்றேன். சத்தமாகவே சொன்னேன். கம்பியைப் பிடித்தால் எடை குறைத்துக் காட்டும், தண்ணீர் உள்ளேயே நிற்கும், நுரையீரலில் போய் நிற்கும் என்றேன். சென்னியப்பன் அப்படித்தான் போனார் என்றேன். ருக்குமணியிடம் நான் சொன்னது பொய் என்றேன். நீங்கள் கம்பியைப் பிடித்தது என் வாய்க்குப் பயந்துதான், அதனால் தப்பு உங்களுடையது இல்லை என்றேன். இரண்டாவது கட்டில்காரர், "அப்ப எங்களுக்கும் அப்படி ஆயிருக்குமுங்களா?" என்று கேட்டார். ஆயிருக்கும் என்றேன்.

ஜெபராணியும் நானும் மெஷினைத் தூக்கி, கைக்கு எதுவும் எட்டாதபடி அறையின் நடுவில் வைத்தோம். வேலாத்தாளுக்கு ஐந்தரை கிலோ. ஒரே தடவையில் எடுக்க முடியாது என்று டாக்டரைக் கூப்பிட்டோம். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "மெஷினை நகத்திட்டீங்கள்ள? அப்ப விடுங்க. அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன். இதை எங்கயும் எழுதி வெக்காதீங்க. போர்டு இருக்கட்டும், பாக்க நல்லா இருக்கு" என்றார்.

போர்டை அழித்தேன். வேலைக்கு எடுப்பதும் எடுக்காததும் இனி அவர் பாடு.

வேலாத்தாள் மாலையில் ஊருக்குப் போய்விடுவாள். அவள் வாயிலிருந்து ருக்குமணி இதைக் கேட்கக் கூடாது. வேலாத்தாளுக்கு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜெபராணியிடம் சொல்லிக்கொண்டு கவுந்தப்பாடி பஸ் ஏறினேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

ருக்குமணி வாசலில் சின்ன வெங்காயம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தாள். "டீச்சரே வந்துட்டீங்களா, உள்ள வாங்க, வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "நாஞ் சொன்னன்ல, அந்த டீச்சர்" என்று காட்டினாள். காப்பி போடப் போனவளைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி போகும்வரை காத்திருந்தேன்.

"கம்பியப் புடிச்சதாலதானுங்க" என்றேன். "எடை குறைச்சுக் காட்டுச்சு. தண்ணி உள்ளயே நின்னுபோச்சு. ஆனா அவரைப் புடிக்க வெச்சது நீங்க இல்லீங்க. நான்தான். நான் சிரிச்சதும், நான் எழுதுன போர்டும். படுத்தா நெஞ்சு அடைக்குதுன்னு நீங்க வந்து சொன்னப்பவும் நான் காதுல வாங்கலை."

பஸ்ஸில் வரும்போது இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருந்தேன். சொல்லி முடித்ததும் அவள் அழுவாள், அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் கீழே உட்கார்ந்து வெங்காயத்தைக் கையால் பரப்பினாள். பரப்பியதையே மறுபடி பரப்பினாள்.

"அன்னைக்கு நான் கேட்டப்ப உங்களுக்கு இது தெரியுமுங்களா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொன்னீங்க."

"ஆமாங்க."

"உங்களுக்காவ சொன்னீங்களா, எனக்காவ சொன்னீங்களா?"

உங்களுக்காக என்று வாய்வரை வந்தது. வெள்ளிக்கிழமை இந்த நோட்டில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. "தெரியலீங்க" என்றேன்.

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அவரு போனதுக்கப்பறம் நான் தூங்குனதே அன்னைக்கு ராத்திரிதானுங்க. நீங்க ஒண்ணுமில்லைன்னு சொல்லி அனுப்புன அன்னைக்கு. அப்பறம் இந்த ரெண்டு நாளும் நல்லாத் தூங்குனேன்."

மன்னிப்புக் கேட்டேன். பஸ் வரும் நேரமாகிவிட்டது, போங்க என்றாள்.